களிமண் பூசிய தேன்பெட்டி

எங்கள் வீட்டில் ஏழு மாதம் 'ஓடிப்போச்சு' என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. பூனை ஓடிப்போகாது, 'காணோம்'. பால் பொங்கி ஓடாது, 'கொட்டிடுச்சு'. கரண்டு கம்பத்துக்காரன் வந்துவிட்டு ஓடிப்போயிருந்தாலும், 'வந்தாரு, போயிட்டாரு' என்றுதான் அம்மா சொல்லுவாள். வாய் தவறி 'ஓ' என்று ஆரம்பித்துவிட்டால் அப்பாவின் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டு அதை இருமலாக மாற்றிவிடுவோம். சொல்லக் கூடாது என்று யாரும் உத்தரவு போடவில்லை. பயம்தான் போட்டது.

காரணம் அக்கா. எங்கள் ஆட்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் பூசையில் அறிவிப்பார். ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கம் பார்த்திருந்த மாப்பிள்ளையோடு அக்காவுக்கு முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவது ஞாயிறு வருவதற்குள், தடை இருப்பதை அக்கா தன் காலாலேயே சொல்லிவிட்டாள். அவள் கூடப் போன பையன் கம்மாபுரம் பக்கம், வேறு சாமி கும்பிடுகிற குடும்பம், லோடு வண்டி ஓட்டுகிறவன்.

அது ஈஸ்டர் முடிந்த சித்திரை மாதம். அவள் போன மறுநாள் ஜங்ஷனைத் தாண்டித் தண்டவாளத்தை ஒட்டி அப்பா நடந்துகொண்டிருந்ததை யாரோ தெரிந்தவர் பார்த்து, வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுவந்து வீட்டில் விட்டுப் போனார். "சும்மா காத்தாட நடந்தேன்" என்றார் அப்பா. சித்திரை வெயிலில், பகல் பன்னிரண்டு மணிக்கு, தண்டவாளத்தில் என்ன காற்று? நாங்கள் கேட்கவில்லை. அன்றிலிருந்து அப்பா செருப்பைத் தேடினாலே அம்மாவோ நானோ வாசல்படிக்கு வந்து நின்றுகொள்வோம்.

"எனக்கு ஒரே பொண்ணுதான்" என்று அப்பா சொல்ல ஆரம்பித்தார். அந்த ஒரே பெண்ணாக இருப்பது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குத்தான் தெரியும். காலேஜுக்கு அவரே வண்டியில் கொண்டுவந்து விடுவார், அவரே கூட்டிக்கொண்டு போவார். கேட்டில் நான் யாரிடமாவது பேனா கேட்டால்கூட அவர் கண் அந்தப் பேனா மேல் இருக்கும்.

அக்கா விட்டுப்போனவற்றில் உயிருள்ளவை இரண்டு தேன்பெட்டிகள். மகளிர் குழுவில் பயிற்சி கொடுத்துத் தந்த பெட்டிகள் அவை. தோட்டத்து முருங்கை மரத்தடியில் நாலு கால் ஸ்டாண்டில் நின்றன. எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலும் தண்ணீர் ஊற்றிய பீங்கான் கிண்ணத்தில் நிற்கும். எங்கள் ஊரில் பீங்கானுக்குப் பஞ்சமில்லை. சூளையில் கோணிப்போன கிண்ணம் சும்மாவே கிடைக்கும். அக்கா முகத்தை மூடாமல் பெட்டியைத் திறந்து, அடை கட்டிய சட்டத்தைத் தூக்கி வெயிலில் பிடித்து, ராணி எங்கே என்று காட்டுவாள். நான் சமையலறை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். சின்ன வயதில் ஒரு தேனீ இமையில் கொட்டி, அரையாண்டுப் பரீட்சையை ஒற்றைக் கண்ணால் எழுதியவள் நான். பயந்தாங்கொள்ளி என்று என்னைச் சொன்னால் இன்றைக்கும் கோபம் வராது.

வம்பு என்னவென்றால், தேனீ வளர்க்கிறவர்களுக்கு 'ஓடிப்போவது' ஒரு தொழில் வார்த்தை. நம் ஊர்த் தேனீ ரோஷக்காரி. பசித்தாலோ, எறும்பு ஏறினாலோ, பெட்டியில் ஈரம் தங்கினாலோ, ராணியைக் கூட்டிக்கொண்டு மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும். அதற்குப் பெயரே ஓடிப்போவதுதான். "மழைக்காலத்துலதாம்ப்பா கண்ணும் கருத்துமா இருக்கணும், இல்லன்னா ஓடிப்போயிடும்" என்று அக்கா சோறு தின்றுகொண்டே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். அப்போதெல்லாம் அப்பா நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. தேனீ அவருக்கு ஈ. அவ்வளவுதான்.

அவள் போன பிறகு அப்பா அந்தப் பெட்டிகளை விட்டு நகரவில்லை. வேலை முடிந்து வந்ததும் சட்டையில் வெள்ளை மண் தூசியோடு நேரே தோட்டத்துக்குத்தான் போவார். கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றுவார். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈக்கள் போய்வரும் பெட்டி வாசலையே பார்ப்பார். எதற்காகப் பார்க்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

ஐப்பசி பிறந்தது. முதல் மழையே நாலைந்து நாள் விடாமல் அடித்தது. மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலை நேரம், அப்பா டீ டம்ளரோடு தோட்டத்துக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு பெட்டி வாசலில் போக்குவரத்தே இல்லை. மூடியைத் தூக்கினார். உள்ளே அடை இருந்தது. தேன் ஒரு சொட்டு இல்லை, முட்டை இல்லை, பேருக்கு ஒரு ஈ இல்லை.

"காணோம்" என்றார் அப்பா.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். மறுபடியும் தூறல் ஆரம்பித்தது. அப்பா அந்தக் காலிப் பெட்டிக்குள் தூறல் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். டீ ஆறி, டம்ளரில் மழை நிரம்பியது. பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, மிக அமைதியாக, "இன்னொண்ணு போவக் கூடாது" என்றார்.

திட்டியிருந்தால் தேவலாம். மிச்சமிருந்த பெட்டியும் போய்விட்டால் இந்த மனிதர் எங்கே நடக்கப் போவார் என்று அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஜங்ஷன் எங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை.

அப்பா எஸ்டேட்டில், அதாவது பீங்கான் தொழிற்பேட்டையில், சூளை வேலை பார்ப்பவர். ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, பொம்மை என்று உள்ளே அடுக்கிவிட்டு, சூளை வாசலைச் செங்கல் வைத்துக் கட்டி, மேலே ஈரக் களிமண்ணைக் குழைத்து இடுக்கு விடாமல் பூசுவார்கள். குளிர்காற்று கொஞ்சம் உள்ளே போனாலும் வெந்துகொண்டிருக்கிற சாமான் அத்தனையும் விரிசல் விட்டுவிடும். பிறகு சூளை தானாக ஆறும்வரை யாரும் கைவைக்கக் கூடாது. ஆசைப்பட்டுப் பாதியில் திறந்தவன் உருப்பட்டதில்லை என்று அப்பா சொல்லுவார். வாழ்நாள் முழுக்க அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான்: இடுக்கில் புகுகிற காற்றுக்கு.

அதனால் அன்று சாயங்காலம் எஸ்டேட்டிலிருந்து ஒரு சட்டி களிமண் வந்தது. பெட்டியின் மூடிக்கும் உடம்புக்கும் நடுவில், பலகை இணைகிற மூலைகளில், மூடியில் வலை அடித்திருந்த காற்றுத் துளையில், எல்லாவற்றிலும் விரலால் அழுத்தி அழுத்திப் பூசினார். அழகாகத்தான் பூசினார். பிறகு அக்காவின் பயிற்சிச் சாமான்களைத் துழாவி ஒரு சின்னத் தகடு எடுத்தார். ராணி கேட் என்பார்கள். அதில் உள்ள துளை வழியாக வேலைக்கார ஈக்கள் போகலாம், வரலாம். ராணி பருமன், அவளால் வெளியே வர முடியாது. ராணி வராவிட்டால் கூட்டமும் போகாது. அதை வாசலில் வைத்து ஆணி அடித்தார். கடைசியாக மேலே ஒரு ஃபிளெக்ஸ் பேனரைப் போர்த்திக் கட்டினார். ஏதோ கட்சிக் கூட்டத்துக்கு வைத்த பேனர். முகம் கிழிந்துபோய்க் கும்பிட்ட கை மட்டும் பெட்டிக்கு மேலே தெரிந்தது.

"யாரும் தொறக்கக் கூடாது. மார்கழிப் பனி முடியட்டும்" என்றார்.

எதையும் எதோடும் ஒப்பிட்டுப் பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலேஜிலிருந்து திரும்பியதும் பட்டனைக்கூடக் கழற்றாத மழைக்கோட்டோடு பெட்டிப் பக்கம் போய், தூரத்தில் நின்று காதைக் கொடுத்துக் கேட்பேன். முதல் இரண்டு நாள் உள்ளே பெரிய இரைச்சல் கேட்டது. மாவு மில்லின் இரைச்சல் போல இருக்கும். பிறகு அது தேயத் தேய, நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போக வேண்டியதாயிற்று. பயந்தாங்கொள்ளியான நானே பலகையில் காதை ஒட்டிக் கேட்கிற நாள் வந்தது என்றால் உள்ளே நிலைமை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாசல் தகட்டின் கீழே மங்கலான தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. புளித்த மாவு வாடை அடித்தது. மழைக் காற்றில் களிமண் காயவே இல்லை. வழிந்த இடத்தில் அப்பா மறுபடியும் பூசினார்.

நடுவில் கல்லறைத் திருநாள் வந்தது. அப்பாவைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் பங்குக் கோயில் கல்லறையில் இருக்கிறார்கள். குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினோம். அப்பாவின் கையில் ஒரு மெழுகுவர்த்தி மிச்சம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். வேறு கல்லறை எங்களுக்கு இல்லை. உயிரோடு இருக்கிறவளைச் செத்தவள் கணக்கில் சேர்த்து இவர் இப்போது இதை ஏற்றப் போகிறார் என்று நினைத்தேன். அம்மாவும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். அவள் பிடித்த பிடியில் என் மணிக்கட்டில் நகம் பதிந்துவிட்டது. அப்பா மெழுகுவர்த்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வூட்டுல கரண்டு போனா ஆவும்" என்றார். நான் மூச்சு விட்டேன். ஆனால் அவர் யோசித்த அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அம்மாவுக்கு ஒரு ரகசியம் இருந்தது. மாவு அரைக்கப் போகிறேன் என்று கிளம்பி, பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பெட்டிக்கடையில் தொங்கிய ஒரு ரூபாய் போனில் அக்காவோடு பேசுவாள். அக்கா இருந்த தெருவில் ஒரு மளிகைக்கடையில் போன் உண்டு. நான் குடையோடு வெளியே நின்று, அப்பாவின் வண்டி வருகிறதா என்று பார்ப்பேன். வண்டி எதுவானாலும் எனக்கு அப்பா வண்டியாகவே தெரியும். அம்மா அப்படி ஒரு நாள் பெட்டியைப் பற்றிச் சொல்லப்போக, அக்கா போனிலேயே அழுதுவிட்டாளாம்.

அன்று சாப்பாட்டில் அம்மா, குழம்பை ஊற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "பொட்டிக்கு மேலால காத்து போவ ஓட்ட வுடணுமாங்க. அடைச்சி வச்சா உள்ள வேர்த்து, ஈரத்துலயே செத்துப்போயிடுமாம்."

"யாரு சொன்னா?"

"ரேடியோவுலதான் சொன்னாங்க."

அப்பா அலமாரியைப் பார்த்தார். எங்கள் ரேடியோ பேட்டரி இல்லாமல் பொங்கலிலிருந்து கிடந்தது. "எந்த ரேடியோவுல?"

"பக்கத்து வூட்டு ரேடியோவுல."

பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்கி ஒரு வாரம். நான் தட்டிலிருந்த அப்பளத்தை உடைக்காமல் வைத்திருந்தேன்; சத்தம் கேட்குமே என்று. அப்பா அடுத்த கேள்வி கேட்கவில்லை. "ரேடியோக்காரனுக்கு என்னா தெரியும். பாதியில தொறந்தா எல்லாம் போயிடும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவினார்.

அதற்குப் பிறகுதான் வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் என்று டிவியில் சொன்னார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறியது. காலேஜ் லீவு. எஸ்டேட்டில் சூளை மூட்டவில்லை, அதனால் அப்பா நாள் முழுக்க வீட்டில். ஈரத் துணி காயாத கொடிகளுக்கு நடுவே மூன்று பேரும் இடித்துக்கொள்ளாமல் சுற்றிச் சுற்றி வந்தோம். ஒரு காலையில் நான் பெட்டியில் காதை வைத்தேன். சத்தம் இல்லை. விரலால் தட்டினேன். அப்போதும் இல்லை. அம்மாவிடம் மட்டும் போய், "ம்மா, ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அம்மா அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கல்லை இறக்கி வைத்தாள். கையிலிருந்த தோசைக் கரண்டியோடு அப்படியே தோட்டத்துக்கு நடந்தாள். மழை நின்றிருந்தது, மேகத்துக்கு நடுவில் கொஞ்சம் வெளிச்சம். பேனரை இழுத்துத் தள்ளிவிட்டு, மூடியைச் சுற்றியிருந்த களிமண்ணைக் கரண்டியால் சுரண்ட ஆரம்பித்தாள். அந்தப் பெட்டியை அதற்கு முன்னால் அவள் தொட்டதே கிடையாது.

அப்பா உள்ளேயிருந்து வந்தார். "தொறக்காத."

அம்மா நிறுத்தவில்லை.

"பாதியில தொறக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல."

"இது சூளை இல்லீங்க. உள்ள உசுரு இருக்குது."

அப்பா அவள் கையைப் பிடித்தார். கரண்டி கீழே விழுந்தது. அப்பா எங்கள் யார் மேலேயும் கைவைத்தவரில்லை. அதனாலேயே அந்தப் பிடி எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

"வுடுங்க. காத்த அடைக்காதீங்கன்னு அவ தலபாடா அடிச்சிக்கறா" என்றாள் அம்மா.

அவ. சொன்ன பிறகுதான் அம்மாவுக்கே தெரிந்தது. இனிமேல் நடப்பதற்கு நான்தான் பொறுப்பு மாதிரி நான் முருங்கை மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். அப்பா அம்மாவின் கையை விட்டார். குனிந்தார். கரண்டியை எடுத்தார். என்ன செய்யப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவரே களிமண்ணைப் பெயர்க்க ஆரம்பித்தார். அம்மா விரலால் சுரண்டினாள், அவர் கரண்டியால் பெயர்த்தார். சூளை வாசலைப் பிரித்துப் பழகிய கை. பாளம் பாளமாக வந்தது.

மூடியைத் தூக்கியதும் வெதுவெதுப்பான கெட்ட வாடை வந்தது. மூடியின் அடிப்பக்கம் முழுக்க நீர் முத்து முத்தாகத் தொங்கியது. ஓரத்து அடைகளில் வெள்ளைப் பூஞ்சை. கீழ்ப்பலகையில் செத்த ஈக்கள் குவிந்து, வாசல் தகட்டை அடைத்துக்கொண்டு கிடந்தன. உயிரோடு இருந்தவை அவற்றை வெளியே இழுத்துப் போடப் பார்த்திருக்கின்றன. தகட்டுத் துளையில் பிணம் நுழையவில்லை.

அப்பா முகத்தை மூடாமல் உள்ளே குனிந்தார்.

"இருக்குதா?" என்றாள் அம்மா.

"ஒரு ஓரமா இருக்குது. ஒரு கைப்பிடி இருக்கும்." ஒரு சட்டத்தை மெல்லத் தூக்கிப் பார்த்து, "ராணி இருக்குது" என்றார்.

"அந்தக் கேட்ட எடுத்துடுங்க."

"எடுத்தா போயிடும்."

"போவட்டும். உள்ளயே செத்துக் கெடக்கறதுக்கு ஓடிப்போறது எவ்வளவோ தேவலாம்."

சொல்லிவிட்டாள். ஏழு மாதமாக வீட்டில் யார் வாயிலும் வராத வார்த்தையை, சேறு பூசிய கையோடு, அப்பாவின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். நான் அப்பாவின் செருப்பைப் பார்த்தேன். அது வாசலில் கிடந்தது. அவர் அதைத் தேடவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துருப்பிடித்த ஆணியைக் கரண்டி முனையால் நெம்பி, தகட்டைக் கழற்றினார். செத்தவற்றை விரலால் வழித்து வெளியே போட்டார். ஒரு ஈ வாசல் வரைக்கும் வந்தது, ஈரப் பலகையில் நின்றது, திரும்ப உள்ளே போனது.

அந்தக் கூட்டம் பிழைத்ததா என்று கேட்பீர்கள். பிழைத்தது. கொட்டாங்கச்சியில் சர்க்கரைப் பாகு ஊற்றி, அதில் விழுந்து சாகாமல் உட்கார்ந்து குடிக்க ஈர்க்குச்சி போட்டு வைத்தோம். தண்ணீர் தங்காமல் இருக்கப் பெட்டியை முன்பக்கம் சற்றே சாய்த்தோம். எல்லாம் அக்கா போனில் சொல்லச் சொல்ல. கார்த்திகையும் மார்கழியும் போய்த் தை வெயிலில் அவை மறுபடியும் பூவுக்குப் போயின. ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்றைக்கு எங்களுக்கு எதுவும் தெரியாது.

அன்றைக்கு அப்பா குழாயடியில் கையிலிருந்த களிமண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா செத்த ஈக்களைத் துடைப்பத்தால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வடக்கே மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. இனிமேல்தான் கேட்பார், எத்தனை நாளாகப் பேசுகிறாய், யார் யாருக்குத் தெரியும் என்று கேட்பார் என நான் காத்திருந்தேன். என் பெயரும் வரும். குழாயை மூடினார்.

"அவ இருக்கற வூடு ஓட்டு வூடா, கூரையா?"

அம்மாவின் கையில் துடைப்பம் நின்றது. "கூரதாங்க."

"ஒழுவுதா?"

"அடுப்படியில ஒழுவுதாம். குண்டான மாத்தி மாத்தி வச்சிக்கிட்டு இருக்கறாளாம்."

அப்பா வேட்டி முனையில் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "கடத்தெருவுல தார்ப்பாய் வாங்கி யாருகிட்டயாவது குடுத்து வுடு" என்றார். வீட்டுக்குள் போகத் திரும்பியவர், படியில் நின்றார்.

"சுத்தி இறுக்கிக் கட்டிடப் போறாங்க. மேல கொஞ்சம் காத்துக்கு வுட்டுக் கட்டச் சொல்லு."